கட்டை அடுக்கிய குழந்தை பெரியவரானதும் வழி தவறாதா?

வீடு மாற்றும் நாளில் பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் எப்படிச் சாய்த்தால் மேலே போகும் என்று சிலருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. சிலர் சுவரில் இடித்து, சுண்ணாம்பு உதிர்ந்த பிறகும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். புது ஊரில் நான்கு தெரு சுற்றிய பிறகு பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டால் சட்டென்று கையை நீட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. தங்கியிருக்கும் விடுதிக்கே கூகுள் மேப் இல்லாமல் திரும்ப முடியாதவர்களும் உண்டு. பொருள்களின் வடிவம், அவை இருக்கும் இடம், திசை, தூரம் இவற்றையெல்லாம் மனதுக்குள்ளேயே கையாளும் இந்தத் திறமையை உளவியலில் இடஞ்சார் திறன் என்கிறார்கள்.

இது பிறவியில் வருவதா, அல்லது சின்ன வயதில் எதை வைத்து விளையாடினோம், எவ்வளவு தூரம் ஊர் சுற்றினோம் என்பதைப் பொறுத்ததா? பொம்மைப் பெட்டியின் மேல் 'மூளை வளர்ச்சிக்கு' என்று அச்சடித்து விற்பவர்கள் இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக இதையே ஆராய்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டாலே இந்த விஷயம் பாதி புரிந்த மாதிரி.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கைக்குள் அடங்கும் பொருளை மனதில் திருப்பிப் பார்ப்பது ஒரு வகை. நாம் உள்ளே நடமாடும் ஊரை, கட்டடத்தை மனதில் பிடித்துவைத்து வழி கண்டுபிடிப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் கொஞ்சம் உறவு உண்டு என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் கெட்டிக்காரராக இருப்பவர் இரண்டாவதில் சுமாராக இருக்கலாம். ஆகவே 'விளையாட்டு இடஞ்சார் திறனை வளர்க்குமா' என்று யாராவது கேட்டால், எந்த விளையாட்டு, எந்தத் திறன் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

முதல் வகையை அளக்க ஒரு புகழ்பெற்ற வழி இருக்கிறது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் சின்னச் சின்னக் கனசதுரங்களை ஒட்டி முறுக்கினாற்போன்ற வடிவங்களின் படங்களை, ஜோடி ஜோடியாக எட்டுப் பேருக்குக் காட்டினார்கள். இரண்டும் ஒரே வடிவமா, திருப்பி வைத்ததால் வேறுமாதிரி தெரிகிறதா, இல்லை உண்மையிலேயே வேறா என்று சொல்ல வேண்டும். இரண்டு படங்களுக்கும் நடுவில் உள்ள கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆன நேரமும் அதே சீரில் கூடிக்கொண்டே போனது. கணக்குப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 60 பாகை. அதாவது ஒரு பொருளைக் கையில் வைத்துத் திருப்புவது போலவே மனமும் அதைப் படிப்படியாகத் திருப்புகிறது. இதற்கு மனச்சுழற்சி என்று பெயர். பிற்பாடு காகிதத்தில் எழுதும் தேர்வாக இது மாறியது. இந்தத் துறையில் 'திறன்' என்று அளக்கப்படுவதில் பெரும்பகுதி இந்த மனச்சுழற்சித் தேர்வுதான்.

இதை அளந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். அமெரிக்காவில் 1960இல் ஏறக்குறைய 4 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பலவகைத் தேர்வுகள் வைத்து, பள்ளி முடித்துப் பதினொரு ஆண்டுகள் ஆன பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அந்தத் தரவை 2009இல் ஜோனதன் வாய், லுபின்ஸ்கி, பென்போ ஆகிய மூன்று உளவியலாளர்கள் மறுபடி அலசினார்கள். பொறியியல், இயற்பியல், கணினி போன்ற துறைகளுக்குப் போனவர்கள் பள்ளி வயதிலேயே இடஞ்சார் தேர்வில் மேலே இருந்தார்கள். கணக்கு மதிப்பெண்ணையும் மொழி மதிப்பெண்ணையும் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நம் பள்ளிகளில் கணக்குக்கும் மொழிக்கும் தேர்வு உண்டு, இதற்குக் கிடையாது. இதில் தேர்ந்த ஒரு பிள்ளையை 'கை வேலைக்காரன்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

சரி, இப்போது குழந்தைப் பருவத்துக்கு வருவோம்.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் எடுத்த வழி ரொம்ப நேரடியானது: பெரியவர்களிடமே கேட்டுவிடுவது. 1983இல் உளவியலாளர் நோரா நியூகோம்பும் அவருடைய சகாக்களும், எந்தெந்தப் பொழுதுபோக்குகளுக்கு இட உணர்வு தேவைப்படும் என்று ஒரு நீண்ட பட்டியல் தயாரித்தார்கள். தச்சு வேலை, பின்னல், பந்தாட்டம், படம் வரைதல் என்று பல இருந்தன. ஒவ்வொன்றையும் எவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பதில்களைத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். இதே போல வந்த பல ஆய்வுகளை 1989இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்பு உண்டு என்று தெரிந்தது. ஆனால் அது பலவீனமான தொடர்பு.

பலவீனம் என்பதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. இருபது வயதில், ஐந்து வயதில் என்ன செய்தோம் என்பது யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? பொறியியல் படிப்பவருக்குத் தான் கட்டை அடுக்கியது நினைவுக்கு வரும். அதே அளவு அடுக்கிய இலக்கிய மாணவருக்கு வராமல் போகலாம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கதை இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் வடிவமைத்த மரக்கட்டைகளை 1876 பிலடெல்பியா கண்காட்சியில் பார்த்துவிட்டு அவருடைய அம்மா வாங்கிக் கொடுத்தார். தன் கட்டடங்களின் வேர் அந்தக் கட்டைகளில் இருப்பதாக ரைட் வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அழகான கதைதான். ஆனால் அதே கட்டைகளை வைத்து விளையாடிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கணக்கெழுதவும் கடை நடத்தவும் போனார்களே, அவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. கட்டை அடுக்குவதால் திறன் வளர்கிறதா, அல்லது திறன் இருக்கிற குழந்தைதான் கட்டையைத் தேடிப் போகிறதா? பிரிட்டனில் இரட்டையர்களை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆளுக்கு ஆள் உள்ள இடஞ்சார் திறன் வித்தியாசத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மரபணுவோடு சேர்ந்து போவதாகத் தெரிந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் 'அப்போ எல்லாம் பிறவி' என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி அர்த்தமில்லை. ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒரே மாதிரியான பள்ளிகளுக்குப் போனவர்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிய எண் அது. பயிற்சி கொடுத்தால் ஒருவரின் திறன் மாறுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறது: குழந்தை தானாக எதை விளையாடத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலும் பிறவிக்குப் பங்கு இருக்கக்கூடும்.

நினைவை நம்ப முடியாது என்றால், நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவைனின் குழு அதைத்தான் செய்தது. இரண்டு வயது தாண்டியதிலிருந்து நான்கை நெருங்கும் வரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 53 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் வீடியோ எடுத்தார்கள். இதைச் செய்யுங்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல இருங்கள் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நாலரை வயதானபோது, இரண்டு துண்டுகளைக் காட்டி, இவற்றைச் சேர்த்தால் இந்த நான்கில் எந்த வடிவம் வரும் என்று கேட்டார்கள். படத்துண்டுகளைப் பொருத்தும் பசில் விளையாட்டில் வீடியோவில் பார்க்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. 2012இல் இது வெளியானது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் கவனிப்பு. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பசில் விளையாடியது ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் பையன்கள் கையில் இருந்தவை கொஞ்சம் கடினமானவை. அவர்களோடு விளையாடும்போது பெற்றோர் ஈடுபாடும் பேச்சும் கூடுதலாக இருந்தன. இரண்டு வயதிலேயே! யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கேட்டால் இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் வளர்க்கிறோம் என்று மனமாரச் சொல்வார்கள்.

பேச்சு என்றேன். அது தனியாகவே ஒரு விஷயம். அதே குழுவின் 2011 ஆய்வில், பெற்றோர் குழந்தையிடம் இடத்தையும் வடிவத்தையும் குறிக்கும் சொற்களை எத்தனை முறை சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். நம் மொழியில் யோசித்தால் ஓரம், மூலை, விளிம்பு, குறுக்கே, சரிவு, வளைவு, உயரம், நடுவில் என்று இருக்கும். வீட்டுக்கு வீடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. இத்தகைய சொற்களை அதிகம் கேட்ட குழந்தைகள் தாங்களும் அதிகம் சொன்னார்கள். தாங்கள் அதிகம் சொன்ன குழந்தைகள் பின்னாளில் பேச்சே தேவைப்படாத வடிவத் தேர்வுகளிலும் மேலே வந்தார்கள். 'அதை அங்கே வை' என்பதற்கும் 'நீளமான கட்டையைக் குறுக்காக, ஓரத்தில் படுகிற மாதிரி வை' என்பதற்கும் செலவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைக் கேட்ட குழந்தை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது.

எல்லா விளையாட்டும் இந்த வேலையைச் செய்யுமா? செய்யாது போலிருக்கிறது. 2015இல் ஜிரோவும் நியூகோம்பும், அமெரிக்கா முழுவதையும் பிரதிபலிக்கும்படி எடுக்கப்பட்ட 847 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். வயது நான்கு முதல் ஏழு. பெற்றோரிடம் குழந்தை வாரத்தில் எத்தனை முறை எதை விளையாடுகிறது என்று கேட்டார்கள். கட்டை, பசில், பலகை விளையாட்டு இவற்றை வாரத்துக்கு ஆறு தடவைக்கு மேல் விளையாடியவர்கள், கட்டைகளை வைத்து ஒரு வடிவத்தை உருவாக்கும் சோதனையில் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். எப்போதாவது விளையாடியவர்களிடம் அந்த முன்னிலை இல்லை. படம் வரைவது, சைக்கிள் ஓட்டுவது போன்றவற்றுக்கும் அந்தச் சோதனை மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: சோதனையே கட்டை அடுக்குவது. அதில் கட்டை அடுக்கிப் பழகியவர் ஜெயிப்பதில் அவ்வளவு ஆச்சரியம் வேண்டாம். சைக்கிளில் ஊர் சுற்றிய பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் அந்தச் சோதனைக்குள் வராமலே போயிருக்கலாம்.

பட்டியல்களைப் பற்றி இன்னொரு குறை. இவையெல்லாம் அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துப் போட்டவை. புள்ளி வைத்துக் கோலம் போடுவது அவற்றில் வர வழியில்லை. ஒரே கோட்டில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிக்கும் சிக்குக் கோலம், சமச்சீரையும் சுழற்சியையும் மனதில் வைத்திருக்காமல் கைக்கு வராது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970களில் கோலங்களைக் கணினி இலக்கண முறையில், அதாவது வாக்கியத்துக்கு இலக்கணம் போல வடிவத்துக்கு விதிகள் வகுத்து, விவரித்தது கணினி அறிவியலில் பெயர்பெற்ற வேலை. அது கோலத்தின் அமைப்பைப் பற்றியது, போடுகிறவரின் திறனைப் பற்றியதல்ல. கோலம் போட்டு வளர்ந்த பெண்களுக்கு மனச்சுழற்சித் தேர்வு வைத்தால் என்ன வரும் என்பது ஆராய்ச்சி மாணவர் யாராவது எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி.

இனி இரண்டாவது வகைக்கு, அதாவது வழி கண்டுபிடிப்பதற்கு வருவோம். இங்கே கட்டையைவிடக் காலுக்குத்தான் வேலை. மேற்குக் கென்யாவில் லோகோலி மக்களிடையே மன்ரோ தம்பதியர் நடத்தி 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் வீட்டைவிட்டு அதிக தூரம் போகும் குழந்தைகள், வீட்டருகிலேயே இருந்தவர்களைவிட இடஞ்சார் பணிகளை நன்றாகச் செய்தார்கள். தூரம் போனவர்களில் பெரும்பாலானவர்கள் பையன்கள். பெண் பிள்ளைக்கு வீட்டில் வேலை இருந்தது. காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைப் பெரிய அளவில் பார்த்தது. 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்று ஒரு கைபேசி விளையாட்டு. படகில் வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். மறதி நோய் ஆராய்ச்சிக்காக உருவாக்கப்பட்டது. 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேர் ஆடினார்கள். எங்கே வளர்ந்தீர்கள் என்றும் சொன்னார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். நகரத்தில் வளர்ந்தவர்களிலும் ஒரு பிரிவு இருந்தது. சிகாகோ போலக் கட்டம் போட்ட தெருக்களில் வளர்ந்தவர்கள், விளையாட்டில் ஒழுங்கான அமைப்புள்ள கட்டங்களில் (லெவல்களில்) நன்றாக ஆடினார்கள். பிராக் போல வளைந்து நெளியும் தெருக்களில் வளர்ந்தவர்கள், தாறுமாறான லெவல்களில் நன்றாக ஆடினார்கள். எந்த மாதிரி இடத்தில் வளர்ந்தோமோ அந்த மாதிரி இடத்துக்கு மூளை பழகிவிடுகிறது, அது பெரியவரான பிறகும் தெரிகிறது.

இந்த வாய்ப்பே இப்போது சுருங்கிவருகிறது. இங்கிலாந்தில் 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கும் பிள்ளைக்கு எந்தத் திருப்பத்தையும் தானாக முடிவுசெய்ய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வையும் இங்கே சொல்லலாம். நம் கிராமங்களில் 'தெக்கால தள்ளி வை', 'அந்தச் செம்பு வடக்கால இருக்கு' என்று அடுப்படிப் பொருளுக்குக்கூடத் திசை சொல்வார்கள். நகரத்தில் இடது, வலது. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் இதைக் கவனித்து, பொருள்களை ஒரு மேசையில் பார்த்துவிட்டு, திரும்பி நின்று இன்னொரு மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்லும் வகையிலான சோதனைகளை வைத்தார். திசை சொல்லிப் பேசும் கிராமத்தவர்கள் திசை மாறாமல் அடுக்கும் பக்கம் சாய்ந்தார்கள். இடது வலது பேசுபவர்கள் தங்கள் உடம்பை வைத்து அடுக்கினார்கள். யார் உயர்த்தி என்ற பேச்சு இதில் இல்லை. ஆனால் திசையைச் சதா மனதில் ஓடவிட்டுக்கொண்டே பேசும் வீட்டில் வளரும் குழந்தை, நாள் முழுக்க ஒரு பயிற்சியில் இருக்கிறது.

ஆண், பெண் பேச்சை இதுவரை ஒதுக்கியே வந்தேன். முழுக்க ஒதுக்க முடியாது. மனச்சுழற்சித் தேர்வில் சராசரியாக ஆண்கள் மேலே வருவது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. இது உடற்கூறா, வளர்ப்பா? வடகிழக்கு இந்தியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதில் நல்ல சான்று. மேகாலயாவின் காசி (Khasi) பழங்குடி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். பக்கத்திலேயே வாழும் கர்பி மக்களிடம் மகன்களுக்கு. ஏறக்குறைய 1,300 பேரிடம் நான்கு மரத்துண்டுகளைக் கொடுத்து ஒரு படத்தைச் சேர்க்கச் சொல்லி நேரம் பார்த்தார்கள். கர்பி ஆண்கள் கர்பிப் பெண்களைவிட 36 சதவீதம் வேகமாக முடித்தார்கள். காசி மக்களிடம் ஆண், பெண் வித்தியாசமே தெரியவில்லை. பெண்களுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பும் இதில் ஒரு காரணம். ஒரே ஒரு புதிரை வைத்து உடற்கூறுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வித்தியாசத்தின் அளவைச் சமூகம் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதை இதைப் பார்த்த பிறகு மறுப்பது கஷ்டம்.

சின்ன வயதில் கட்டையும் இல்லை, ஊர் சுற்றவும் விடவில்லை, இப்போது முப்பது வயது, அவ்வளவுதானா என்று கேட்கலாம். அவ்வளவுதான் இல்லை. 2013இல் டேவிட் உட்டாலும் குழுவினரும் 217 பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எந்த வயதினருக்கும் பயிற்சி பலித்தது. நூறு பேர் வரிசையில் நட்டநடுவே இருந்தவர், பயிற்சிக்குப் பிறகு சுமார் 68 பேரைத் தாண்டி நிற்பார் என்கிற அளவுக்கு முன்னேற்றம். பெற்றோருக்குப் பிடிக்காத ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் டொராண்டோவில், சுட்டு விளையாடும் வீடியோ கேமைப் பத்து மணி நேரம் ஆடிய கல்லூரி மாணவர்களின் இடஞ்சார் கவனமும் மனச்சுழற்சியும் கூடின. பெண்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது.

இதையெல்லாம் ஒரு வகுப்பறையில் நடத்திக் காட்டியவர் ஷெரில் சோர்பி. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் வரைகலை கற்பித்தவர். மாணவியாக இருந்தபோது அந்தப் பாடத்தில் தானே திணறியவர். 1993இல் பெவர்லி பார்ட்மன்ஸுடன் சேர்ந்து, புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு மனச்சுழற்சித் தேர்வு வைத்தார். கூடவே சிறுவயதுப் பழக்கங்களையும் கேட்டார். கட்டுமானப் பொம்மைகளோடு விளையாடியவர்கள், பள்ளியில் வரைகலை படித்தவர்கள், சிலவகை விளையாட்டுகளில் இருந்தவர்கள் மேலே வந்தார்கள். தேறாதவர்களில் பெண்களின் விகிதம் மிக அதிகம். அவர்களுக்கென்று ஒரு பருவம் ஓடும் சின்னப் பாடம் ஒன்றை வைத்தார்கள். ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கனசதுரங்களைக் கோத்து, மேலிருந்து, முன்னிருந்து, பக்கவாட்டிலிருந்து எப்படித் தெரியும் என்று பென்சிலால் வரைவது. ஒரு வடிவத்தை வெட்டினால், திருப்பினால் எப்படி மாறும் என்று வரைவது. பாடம் முடிந்ததும் மதிப்பெண் நன்றாக ஏறியது. பொறியியல் படிப்பைப் பாதியில் விடாமல் தொடர்ந்த பெண்களும் கூடினார்கள். பிறகு பயிற்சியின் ஒரு பகுதியைக் கணினி மென்பொருளாகவும் செய்து பார்த்தார்கள். திரையில் பார்ப்பது மட்டும் போதவில்லை, கையால் வரையும் பகுதியை விட முடியாது என்று சோர்பி கண்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கும் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பாடம் பின்னர் கட்டாயமாக்கப்பட்டது.